டொக்டர் மன்னித்த கை

டொக்டர் சுந்தரராஜன் பொய் எழுதியிருக்கிறார்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நமது சங்க இதழின் சென்ற வெளியீட்டில் 'ஸ்கொட்லாந்து மலையில் நான்' என்ற தலைப்பில் அவர் நான்கு பக்கம் எழுதியிருந்தார். மூன்று பக்கம் மழை, விஸ்கி, மான். நான்காம் பக்கத்தில் இப்படி ஒரு பந்தி: "நான் துப்பாக்கி வாங்கிய கடையில் இலங்கைத் தமிழர் ஒருவர் வேலை செய்தார். அவர் அளவு தெரியாமல் மருந்து நிரப்பிய தோட்டா என் கண்ணைப் பறிக்கப் பார்த்தது. நம்மவர் ஆயிற்றே என்று அவரை மன்னித்துவிட்டேன்."

பெயர் போடவில்லை. போடத் தேவையுமில்லை. தெற்கு லண்டனில் துவக்குக் கடையில், டொக்டரின் மொழியில் துப்பாக்கிக் கடையில், வேலை செய்த இலங்கைத் தமிழன் நான் ஒருவன்தான். இதழ் வந்த கிழமையே மிட்சம் பகுதியில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "என்ன சிவா அண்ணை, டொக்டருக்கே வெடி வைச்சனீங்களாமே!" என்று பத்துப் பேர் முன்னால் சிரித்தார். நானும் சிரித்தேன். வெண்டிக்காயை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

எழுத்து என் தொழில் அல்ல. பதினான்கு வருடம் என் தொழில் துவக்குத் திருத்துவதும் தோட்டா நிறைப்பதும். அதைப் பற்றி எழுதுகிறேன். வாசித்துவிட்டு யார் யாரை மன்னிக்கவேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

எண்பத்து நான்கில் வந்தேன். யாழ்ப்பாணத்தில் மோட்டார் வேலைத்தலத்தில் லேத் ஓட்டியவன். இங்கே முதல் ஒரு வருடம் டூட்டிங்கில் பெற்றோல் நிலையம். பிறகு வேலை தேடும் அலுவலகத்தில் ஒரு அட்டை கண்டேன்: லேத் தெரிந்த ஆள் தேவை. என்ன கடை என்று அதில் இல்லை. போய்ப் பார்த்தால் ரயில் பாலத்தின் வளைவுக்குள்ளே ஒரு துவக்குக் கடை. நாட்டில் துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவன், இங்கே துவக்குக்கு எண்ணெய் போடப் போனேன். ஊர்ச்சனம் கதைத்தது. கதைக்கட்டும். பொலிஸ் என்னைப் பற்றி நாலு மாதம் விசாரித்து, சரி என்று சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார்கள். அந்த நாலு மாதமும் அந்த இடத்தை எனக்காக வைத்திருந்தவர் அல்பேர்ட்.

அல்பேர்ட் கடையின் தலைமைத் திருத்துநர். அப்போதே அறுபது வயது. பழுப்பு மேலங்கி, காதில் கட்டைப் பென்சில், தேநீருக்கு நாலு கரண்டி சீனி. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பிழை செய்தால், செய்த பொருளை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார். என்ன பிழை என்று நானே கண்டுபிடிக்கவேண்டும். சில நாள் மதியச் சாப்பாடு வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். முதல் இரண்டு வருடம் கூட்டினேன், குழல் துடைத்தேன், திருகாணி கடைந்தேன். மூன்றாம் வருடம்தான் பின்னறைக்குள் விட்டார். தோட்டா நிறைக்கும் அறை அது.

தோட்டா நிறைப்பது என்றால் பலருக்கு ஏதோ குண்டு செய்வது போலப் படும். அது அப்படி இல்லை. பித்தளைக் கோது, அதாவது வெளிக்கூடு ஒன்று. அதன் அடியில் தீ மூட்டும் சிறிய கேப்பு. உள்ளே வெடிமருந்து. வாயில் சன்னம், அதாவது பறந்துபோகும் முனை. தொழிற்சாலைத் தோட்டா எல்லாத் துவக்குக்கும் பொதுவாகச் செய்தது. கையால் நிறைப்பது ஒரு துவக்குக்கும் ஒரு ஆளுக்கும் அளந்து செய்வது. கடையில் தைத்து வைத்த சட்டை வாங்குவதற்கும் தையற்காரனிடம் தைப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

அந்த அறைக்குச் சட்டங்கள் இருந்தன. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டின்தான் இருக்கலாம். நிறுக்கும்போது ஹீட்டர் போடக்கூடாது, அதன் காற்று தராசுத் தட்டை ஆட்டும். அதனால் ஜனவரியில் விரல் விறைக்கும். மேலே ரயில் போனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும். ரயில் போய், தட்டின் நடுக்கம் நின்ற பிறகுதான் அடுத்தது. காலையில் ரயில்கள் அடுத்தடுத்து வரும். ஒரு மணித்தியாலத்தில் இருபது நிமிடம் கையைக் கட்டியபடியே இருப்போம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ஒட்டுத்தாள்: எந்தத் துவக்கு, என்ன சன்னம், என்ன மருந்து, எவ்வளவு, நிறுத்தவர் கையெழுத்து, சரிபார்த்தவர் கையெழுத்து. அதே விபரம் ஒரு பதிவுக் கொப்பியிலும் ஏறும்.

என் முதல் பெட்டிகளை அல்பேர்ட் சூட்டுத்தளத்துக்குக் கொண்டுபோய் நல்ல துவக்கு ஒன்றால் சுட்டார். கடதாசியில் துளைகள் மேலும் கீழுமாகப் போயின. பெட்டியையும் கடதாசியையும் என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். நான் பார்த்தேன், பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. மதியத்துக்குப் பிறகு வந்து என் பக்கத்தில் இருந்து, "நிறு, பார்ப்போம்" என்றார். நிறுத்தேன். நாலைந்து தோட்டா வரை என் கையைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"உன் அப்பா என்ன வேலை?"

"கடை. அரிசி, பருப்பு, சீனி."

"நினைத்தேன்" என்றார். "முள் நடுவுக்கு வந்த பிறகும் உன் கை நிற்கவில்லை. இன்னும் இரண்டு துணுக்குப் போடுகிறது."

எனக்கு அதுவரை தெரியாது. எங்கள் கடையில் தட்டுச் சமமாக நின்றால் அது நிறுவை அல்ல. வாங்குபவர் பக்கம் தட்டு இறங்கவேண்டும். அதற்கு மேலும் ஒரு சிறங்கை போட்டுத்தான் கடதாசிச் சரையைச் சுற்றுவார் ஐயா, என் அப்பா. சமமாக நிறுத்துக் கொடுப்பவனை ஊரில் கஞ்சன் என்பார்கள். பத்து வயதிலிருந்து தராசுக்குப் பின்னால் நின்ற கை அது. மருந்துத் துணுக்கு எள்ளளவுதான். ஆனால் ஒன்றுக்கு இரண்டு கூட, அடுத்ததற்கு ஐந்து கூட என்று போனால் ஒவ்வொரு சன்னமும் ஒவ்வொரு வேகத்தில் பறக்கும். அந்த ஐந்து எட்டானால் ஆளுக்கே ஆபத்து.

"இங்கே யாருக்கும் பரிசு கொடுக்காதே" என்றார் அல்பேர்ட். அதற்குப் பிறகு ஆறு கிழமை, ஒன்றரை மாதம், நான் நிறுத்த ஒவ்வொன்றையும் அவர் மறுபடி நிறுத்தார். கூடப் போனதைக் கொட்டிவிட்டு வெறுங்கோதை என் பக்கம் தள்ளுவார். ஆறாம் கிழமை முடிவில் ஒரு நாள் முழுக்க ஒரு கோது கூடத் திரும்பி வரவில்லை. அன்றைக்கு அவர் தேநீரை எனக்கும் சேர்த்துப் போட்டார், நாலு கரண்டி சீனியோடு. குடிக்க முடியவில்லை. குடித்தேன்.

இனி டொக்டர்.

தொண்ணூற்று ஒன்று இலையுதிர் காலம். கடை மணி அடித்தது. கோட்டு, தொப்பி, புதுச் சப்பாத்து. விம்பிள்டனில் இருப்பதாகவும் மதுரைக்காரர் என்றும் சொன்னார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அட, தமிழா? இங்க ஒரு தமிழ் ஆளு இருப்பாருன்னு நான் நெனக்கவே இல்ல!"

"ஓம் டொக்டர். சொல்லுங்கோ."

ஆஸ்பத்திரியில் அவரோடு வேலை செய்யும் வெள்ளைக்கார டொக்டர்கள் அடுத்த ஒக்டோபர் மான் வேட்டைக்கு ஸ்கொட்லாந்து போகிறார்களாம். பத்து வருடமாகக் கூப்பிடாதவர்கள் இப்போது கூப்பிட்டிருக்கிறார்கள். லைசென்ஸ் எடுத்துவிட்டார், துவக்கும் எங்களிடமே வாங்கியிருந்தார், நான் பின்னறையில் இருந்த ஒரு நாளில். நடுத்தர அளவு, நல்ல சாமான். ஆனால் சுட்டால் ஒன்றும் படவில்லை.

"குழல் சரியில்ல. மாத்திக் குடுங்க."

மூவரும் சூட்டுத்தளத்துக்குப் போனோம். அல்பேர்ட் அதே துவக்கால் மூன்று சூடு சுட்டார். மூன்று துளையையும் ஒரு தேநீர்க் கோப்பையால் மூடலாம். டொக்டர் கடதாசியைப் பார்த்துவிட்டு, "அப்போ இன்னிக்குக் காத்து இல்ல போல" என்றார்.

அல்பேர்ட் டொக்டருக்காக ஐந்து தோட்டாவைத் துவக்கில் இட்டார். அதில் இரண்டு தோட்டா வெறும் தோட்டா, மருந்தும் கேப்பும் இல்லாதவை. டொக்டருக்குத் தெரியாது. மூன்றாவதாக அவர் விசையை இழுத்தபோது வெடிக்கவில்லை. ஆனால் துவக்கின் வாய் ஒரு சாண் கீழே குத்தியது. கண் இறுக மூடியிருந்தது. தோள் பின்னால் ஓடியது. வராத உதைக்கு அவர் உடம்பு பயந்ததை நாங்கள் மூவருமே பார்த்தோம். யாரும் சிரிக்கவில்லை. டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

திரும்பி வரும்போது காரில் என்னிடம் மட்டும் தமிழில் சொன்னார். "காலேஜ் படிக்கிறப்ப ஸ்கூட்டர்ல இருந்து விழுந்து காறையெலும்பு ஒடஞ்சுது. ஒவ்வொரு வெடிக்கும் அங்கதான் இடிக்குது, சிவா. இத அவங்ககிட்ட சொன்னா அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாங்க."

எனக்கு அவரில் இரக்கம் வந்தது. இப்போதும் அந்த இரக்கத்துக்காக நான் வெட்கப்படவில்லை.

மூன்று கிழமை அந்தத் துவக்கில் வேலை செய்தேன். என் வேலைக்காலத்திலேயே சந்தோஷமான மூன்று கிழமை அது. தோளில் வைக்கும் மரக்கட்டை அவருடைய கைக்கு ஒரு அங்குலம் கூடுதல் நீளம். நீளக் கட்டை எலும்பில் போய் இடிக்கும். அதை அறுத்துக் குறைத்து ரப்பர்த் தட்டை வைத்தேன். கட்டைக்குள் துளைத்து ஈயம் வார்த்துப் பாரம் ஏற்றினேன், பாரமான துவக்கு மெதுவாக உதைக்கும். குழலுக்கும் மரத்துக்கும் நடுவே எங்கும் தட்டாமல் ஒரு கடதாசித் தாள் ஓடும் அளவுக்கு இடைவெளி செதுக்கினேன். பிறகு தோட்டா. பாரம் குறைந்த சன்னம், மெதுவாகத் தள்ளும் மருந்தளவு. ஸ்கொட்லாந்தில் சிவப்பு மானுக்கு இவ்வளவு வேகம், இவ்வளவு விசை வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே போகாமல் உதையைக் குறைக்கவேண்டும். ஒவ்வொரு அளவிலும் ஐந்து தோட்டா நிறைத்து, வேகம் பார்க்கும் கருவி வழியாகச் சுட்டு, குழல் ஆறும்வரை இருந்து, அடுத்த ஐந்து. ஏழு அளவு பார்த்தேன். ஐந்தாவதில் ஐந்து துளையும் ஒன்றையொன்று தொட்டன. வேகம் சட்டத்துக்கு மேலே இருந்தது. அல்பேர்ட் அந்தக் கடதாசியை எடுத்துப் பார்த்துவிட்டு என் முன்னால் வைக்கவில்லை. சுவரில் குத்தினார்.

டொக்டர் வந்து சுட்டார். முதல் சூட்டுக்குக் கண் மூடினார். நாலாம் சூட்டுக்கு மூடவில்லை.

"சிவா, உதைக்கவே இல்லையேப்பா!"

"உதைக்குது டொக்டர். இப்ப கொஞ்சம் மரியாதையா உதைக்குது."

புதுக்கோதில் நிறைத்த இரண்டு பெட்டி, நாற்பது தோட்டா, இரண்டு கையெழுத்தோடு கொண்டு போனார்.

பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை டொக்டர் கடைக்குள் நுழைந்தார். கன்னத்தில் பிளாஸ்டர். கண்ணாடியில் கரும்புள்ளிகள். துவக்கின் பின்பூட்டு இறுகி, மரச்சுத்தியலால் தட்டித்தான் திறக்க முடிந்தது. உள்ளே இருந்த கோதின் கேப்புத் துளைபட்டு, தீ பின்பக்கமாக வந்திருந்தது. கண்ணாடி போடாதவர் என்றால் கண் போயிருக்கும். அவர் எங்கள் பெட்டியை மேசையில் வைத்தார். அதில் என் கையெழுத்து. பதினாலு தோட்டா மிச்சம்.

"உங்கள் தோட்டாதான்" என்றார் ஆங்கிலத்தில். என்னைப் பார்க்கவில்லை.

அல்பேர்ட் பெட்டியைப் பூட்டி வைத்தார். "புதன்கிழமை பத்து மணிக்கு இரண்டு பேரும் வாருங்கள். அதுவரை சிவா வீட்டில் இருக்கட்டும்."

அந்த இரண்டு நாள் எப்படிப் போனது என்று டொக்டருக்குத் தெரியாது. என் பிழை என்றால் வேலை போகும். அது மட்டுமல்ல. பொலிசுக்கு அறிவிக்கவேண்டும். வந்து ஏழு வருடமான, நிரந்தர விசா கூடக் கையில் இல்லாத ஒரு தமிழன், வெடிமருந்து, காயம்பட்ட ஆள். மிச்சத்தை நீங்களே யோசியுங்கள். என் மனைவி ராணி சோறு போட்டுவிட்டு முன்னால் இருந்து கேட்டாள்.

"இஞ்சாருங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ. கூடப் போட்டனீங்களோ?"

"இல்லை."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. நீங்கள் ஆருக்கும் குறைச்சுக் குடுக்கிற ஆளில்லை."

அதுதான் என்னையும் குடைந்தது. ஆறு கிழமையில் திருந்திய கை. ஆனால் டொக்டர் நம்மவர். எனக்குப் பிடித்தவர். அவருக்கென்று நிறுக்கும்போது என்னை அறியாமல் ஐயாவின் கை திரும்பி வந்திருந்தால்? இரண்டு நாளும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

புதன்கிழமை பத்து மணி. ஹீட்டர் நிறுத்தியாயிற்று. டொக்டர் ஓவர்கோட்டைக் கழற்றவில்லை. அல்பேர்ட் முதல் தோட்டாவின் சன்னத்தைப் பிடுங்கி, மருந்தைத் தட்டில் கொட்டினார். முள் மேலே போனது. கூட. துணுக்குக் கணக்கில் அல்ல, அதைவிடக் கூட. இரண்டாவதைக் கொட்டினார். அதுவும் கூட, முதலாவதைவிடவும் கூட. மூன்றாவதைக் கொட்டும்போது மேலே ரயில் வந்தது. தட்டு நடுங்கியது. அல்பேர்ட் கையைக் கட்டினார். நானும் கட்டினேன். அது நீண்ட ரயில். முடிந்த கையோடு எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று. நாங்கள் மூவரும் ஆடும் முள்ளைப் பார்த்தபடி நின்றோம்.

இரண்டாவது ரயிலும் போனது. தட்டு நிற்கும் முன்னமே டொக்டர் வாய் திறந்தார்.

"நிறுக்க வேண்டாம், அல்பேர்ட். அதை நிறைத்தது நான்தான்."

அல்பேர்ட் தலை நிமிர்த்தவில்லை. "நான் நிறுத்து முடிக்கிறேன்" என்றார். பதினாலையும் நிறுத்தார். ஒன்றுபோல் ஒன்று இல்லை. பிறகு ஒரு வெறுங்கோதை விளக்குக்கு நேரே பிடித்து எனக்குக் காட்டினார். உள்ளே கரி. ஏற்கனவே ஒருமுறை சுட்ட கோது. நான் நிறைத்தது புதுக்கோதில்.

"இது உன் கை இல்லை" என்றார் என்னிடம். "உன் கை எனக்குத் தெரியும்."

டொக்டர் என் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினார். "உங்க தோட்டா மெதுவா உதைக்குதுன்னு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் 'லேடீஸ் லோடு'ன்னு கிண்டல் பண்ணாங்கப்பா. சாமான் வாங்கி, சுட்ட காலித் தோட்டாவுல வீட்லயே மருந்து போட்டேன். கொஞ்சமாத்தான் கூட்டினேன்."

"எவ்வளவு கூட்டினனீங்கள்?"

"ஒரு கண் அளவுதான்."

"நீங்கள் ஊசி மருந்தும் கண்ணளவிலதானோ எடுக்கிறனீங்கள், டொக்டர்?"

அவருக்கு முகம் சிவந்தது. பிறகு என் கையைப் பிடித்தார். "சிவா, வெளிய சொல்லிடாதீங்க. லைசென்ஸ் போயிடும். அவங்க முன்னால தலை காட்ட முடியாது." நான் அல்பேர்ட்டைப் பார்த்தேன். அவர், வீட்டில் உள்ள மருந்து டின்னையும் கருவிகளையும் நாளைக்கே கொண்டுவந்து தரவேண்டும் என்றார். டொக்டர் ஒப்புக்கொண்டார். நான் "ஓம், சொல்லமாட்டேன்" என்றேன். கொப்பியில் பதினாலு நிறையையும் எழுதி, கீழே மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். டொக்டர், மூன்றாவது உங்களுடையது.

துவக்கை மறுபடி திருத்தினேன். அதே அளவு, அதே தோட்டா. ஒக்டோபரில் அவர் மான் சுட்டார், ஒரே சூடு. கறுப்புப் பையில் சுற்றிய ஒரு தொடையைக் கடைக்குக் கொண்டுவந்து எனக்குத் தந்தார். வெள்ளிக்கிழமை ஆனபடியால் ராணி அதை ஒரு நாள் பிரிஜ்ஜில் காக்க வைத்து, சனிக்கிழமை எங்கள் மிளகாய்த்தூள் போட்டுச் சமைத்தாள். அல்பேர்ட்டைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம். உறைப்பில் மூக்கைத் துடைத்துத் துடைத்து இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். அன்றைக்கு நான் நினைத்தேன், இந்த நாட்டில் எனக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது என்று.

கைத்துப்பாக்கித் தடைச் சட்டம் வந்த பிறகு கடை சுருங்கி, தொண்ணூற்று ஒன்பதில் மூடப்பட்டது. அல்பேர்ட் அந்தத் தராசையும் கொப்பியையும் என்னிடம் தந்துவிட்டுப் போனார். அவர் இறந்தும் பல வருடம். எனக்கு அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை. நல்ல வேலை, நல்ல மேலாள், செய்த வேலை சரியா பிழையா என்று கடதாசியில் துளையாகத் தெரியும் தொழில். எத்தனை பேருக்கு அது வாய்க்கும்?

அதனால்தான் கோபம் வருகிறது. உங்கள் கட்டுரையில் மானின் நிறை இருக்கிறது. விஸ்கியின் பெயர் இருக்கிறது. தங்கிய வீட்டு நாயின் பெயர் கூட இருக்கிறது. மறதி என்று சொல்லாதீர்கள். முப்பது வருடம் நான் வாய் திறக்கவில்லை. உங்கள் நண்பர்களுக்கும் இல்லை, கோயிலில் உங்களைக் காணும்போதெல்லாம் பக்கத்தில் நின்ற உங்கள் மனைவிக்கும் இல்லை. நான் தந்த வாக்கை நீங்களே ஒரு பொய்யை அச்சில் போட்டு முடித்துவிட்டீர்கள். அளவு தெரியாதவன் என்று என்னைச் சொன்னால், சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட அல்பேர்ட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறீர்கள். அவர் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டார்.

தராசு இப்போது என் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. கொப்பியும் பக்கத்தில் திறந்தபடி இருக்கிறது. பதினாலு நிறை, மூன்று கையெழுத்து. இதழாசிரியர் வந்து பார்க்கலாம், படமும் எடுக்கலாம்.

டொக்டர் சுந்தரராஜன், தொலைபேசியில் வேண்டாம். கோயில் வாசலில் தோளில் தட்டவும் வேண்டாம். இதே இதழில், உங்கள் பெயரைப் போட்டு, ஒரு வரி எழுதுங்கள்: அந்தத் தோட்டாக்களை நிறைத்தது யார்?